கையில் ஒன்று இருக்கும்போது இன்னொரு பிஸ்டல்

ஏற்கெனவே ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வைத்துச் சுட்டுப் பழகியவர் இன்னொன்று வாங்கக் கிளம்பும்போது, முதல் தடவை பயன்படுத்திய அளவுகோலையே மறுபடி கையில் எடுக்கிறார். எது துல்லியம், எது நம்பகம், எத்தனை தோட்டா பிடிக்கும், எடை எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறார். நடுவிலைப் பிஸ்டல்களில் இந்த நான்கும் இன்று ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. இவற்றை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், கடைசியில் தோற்றம் பிடித்ததை வாங்கிவிடுவோம்.

என் கருத்து இதுதான். இரண்டாவது பிஸ்டல் முதலாவதோடு முழுமையாக ஒத்துப்போக வேண்டும், அல்லது முழுமையாக வேறுபட வேண்டும். ஒத்துப்போனால் மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி), உறை, உதிரிபாகம், கைப்பழக்கம் நான்கும் பொதுவாகிவிடும். வேறுபட்டால் புதிதாக ஒன்றைக் கற்கலாம். கிளாக் 19 வைத்திருப்பவர் அதே அளவில், அதே ஸ்ட்ரைக்கர் முறையில் (வெளிச்சுத்தியல் இல்லாமல், உள்ளே ஸ்பிரிங்கால் பாயும் ஊசி தோட்டாவை வெடிக்கவைக்கும் முறை), பிடியின் சாய்வு மட்டும் சற்று மாறிய இன்னொரு பாலிமர் பிஸ்டலை வாங்கும்போதுதான் இரண்டு பயனும் கிடைக்காமல் போகிறது. மேகசின் பொருந்தாது, உறை பொருந்தாது, கை குழம்பும். சந்தையில் அதிகம் விற்பது இந்த நடுவகைதான் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

நடுவிலை என்று இங்கே சொல்வது காவல்துறைகளும் படைகளும் மொத்தமாக வாங்கும் தரத்தில் உள்ளவற்றை. கிளாக் 17, 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி 2.0, ஸிக் ஸாவர் பி320, சிஇஸட் பி-10, வால்தர் பிடிபி, இவற்றுக்குச் சற்று மேலே ஹெக்லர் அண்ட் கோக் விபி9 ஆகியவை ஸ்ட்ரைக்கர் வகை. சுத்தியல் உள்ளவற்றில் சிஇஸட் 75, பெரெட்டா 92. கையால் இழைத்துப் பொருத்திய போட்டித் துப்பாக்கிகளும் 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டல் வகையின் விலையுயர்ந்த வடிவங்களும் இந்த ஒப்பீட்டில் இல்லை. எதைத் தேர்ந்தாலும், உங்கள் நாட்டின் உரிமச் சட்டம் அந்தக் காலிபரையும் மேகசின் கொள்ளளவையும் இரண்டாவது துப்பாக்கியையும் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவை.

துல்லியம் என்ற மாயை

நல்ல தோட்டாவோடு, மேசையில் தாங்கல் வைத்து 25 மீட்டரில் ஐந்து ரவுண்டு சுட்டால் இந்த வகைப் பிஸ்டல்கள் பெரும்பாலும் 5 முதல் 9 செ.மீ. அகலத்துக்குள் குழுவாக விழும். 5 செ.மீ. தரும் பிஸ்டல் 8 செ.மீ. தருவதைவிட மிக மேலானது என்று தோன்றும். நின்றபடி கையால் சுடும்போது அது எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுடுபவரின் சிதறல் 15 செ.மீ. என்று வைப்போம். தனித்தனிக் காரணங்களால் வரும் சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். 15-உம் 5-உம் சேர்ந்தால் 15.8 செ.மீ., 15-உம் 8-உம் சேர்ந்தால் 17 செ.மீ. வித்தியாசம் 12 மி.மீ. மட்டுமே. உங்கள் கைச் சிதறல் 8 செ.மீ.க்குக் கீழே இறங்கும்வரை இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நீளக் குழலைப் பற்றியும் இதே நம்பிக்கை உண்டு. கிளாக் 17-இன் குழல் 114 மி.மீ., கிளாக் 19-இன் குழல் 102 மி.மீ. குறிபார்க்க உதவும் முன், பின் சைட்டுகளுக்கு இடையிலான தூரம் முன்னதில் சுமார் 165 மி.மீ., பின்னதில் சுமார் 153. முன் சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு நீளமானதில் ஏறக்குறைய 151 மி.மீ., குட்டையானதில் 163 மி.மீ. தள்ளிப் போகும். இரண்டிலும் அது தவறவிட்ட ரவுண்டுதான். சைட்டுகளைத் தெளிவாகப் பார்ப்பதும் டிரிக்கரை நேராக இழுப்பதும் தரும் முன்னேற்றத்தை 12 மி.மீ. குழல் தராது.

கடையிலோ களத்திலோ சோதிக்கும்போது மூன்று ரவுண்டுக் குழுவை நம்ப வேண்டாம். ரவுண்டுகள் குறையக் குறையக் குழு அழகாகத்தான் தெரியும், அது தற்செயல். ஒரே தோட்டாவில் ஐந்து ரவுண்டாக ஐந்து குழு சுட்டுச் சராசரி எடுங்கள். 115, 124, 147 கிரெயின் என மூன்று குண்டு எடைகளையும் போட்டுப் பாருங்கள். கிராமில் அவை முறையே சுமார் 7.5, 8, 9.5. ஒரே பிஸ்டல் இவற்றுள் ஒன்றை மட்டும் தெளிவாக விரும்புவதுண்டு.

கை சேரும் இடங்கள்

பிஸ்டலுக்குப் பிஸ்டல் உண்மையில் மாறுவது கை தொடும் இடங்களில்தான். காலி துப்பாக்கி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையில் வைத்துப் பாருங்கள். மேகசினை முதலில் கழற்ற வேண்டும், ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதியை, பிறகு இழுக்க வேண்டும். வரிசை மாறினால் இழுத்த கையோடு அடுத்த ரவுண்டு குழலின் பின்முனை அறையான சேம்பருக்குள் ஏறிவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டையைப் பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிப் பிடியுங்கள். குழல் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் இருக்கட்டும். இப்போது ஆள்காட்டி விரலின் முதல் கணுப் பகுதியை டிரிக்கரில் வையுங்கள். விரலுக்கும் ஃபிரேமுக்கும் (பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம்) இடையே மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் அளவு சரி. விரல் ஃபிரேமை உரசினால் இழுக்கும்போது துப்பாக்கியையே பக்கவாட்டில் தள்ளுவீர்கள். விரல் நுனி மட்டும் எட்டினால் பிடியைச் சுற்றிக்கொண்டு சுடுவீர்கள், அப்போது பின்னுதைப்பு உள்ளங்கையின் நடுவில் இறங்காமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். மாற்றக்கூடிய பின்தகடுகள் இருப்பது இதற்காகத்தான். எம்&பி 2.0 நான்கு அளவுகள் தருகிறது. விபி9-இல் பின்தகடோடு பக்கத் தகடுகளும் மாறும், மொத்தம் 27 சேர்க்கைகள். பி320-இல் தொடர் எண் பொறித்த பகுதி உள்ளே இருக்கும் சிறிய எஃகுச் சட்டம்தான். பல நாடுகளின் சட்டத்தில் அதுதான் துப்பாக்கி. வெளிப்பிடி வெறும் பாலிமர் கூடு, வேறு அளவில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து பிடியின் சாய்வு. கண்ணை மூடிக்கொண்டு இலக்கை நோக்கி உயர்த்துங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு மேலே துருத்தி நின்றால் அந்தச் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்குப் பழக்கமில்லாதது. 1911-ஐயோ எம்&பியையோ பிடித்துப் பழகியவர்களுக்குக் கிளாக் இப்படித்தான் மூக்கைத் தூக்கும், காரணம் அதன் பிடி அதிகம் சாய்ந்தது. பழகினால் சரியாகும். சிக்கல் எங்கே என்றால், இரண்டு சாய்வுகளையும் மாறி மாறிப் பயன்படுத்தும்போது மணிக்கட்டு இரண்டையும் அரைகுறையாகத்தான் பழகும்.

மேகசின் விடுவிப்புப் பொத்தானைப் பிடியை மாற்றாமல் கட்டைவிரல் எட்டுகிறதா? மேகசின் காலியானதும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் மீது கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிறதா? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பிறகு கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்று மேகசினைக் குறை சொல்கிறார்கள். இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பவர்களுக்கு நீளமான ஸ்லைடு ஸ்டாப் உள்ள பிஸ்டல்களில் இது அடிக்கடி நடக்கும்.

ஸ்லைடை இழுக்கத் தேவைப்படும் பலமும் கையோடு சேர்ந்ததே. சிஇஸட் 75-இல் ஸ்லைடு ஃபிரேமின் உட்பக்கமாக ஓடுவதால் விரல் பிடிக்க மேலே கொஞ்சம் உலோகம்தான் மிஞ்சும். ஈரக்கையில் அது வழுக்கும். குரோஷியாவில் தயாராகும் எக்ஸ்டி வகையில் பிடியின் பின்பக்கப் பாதுகாப்பை அழுத்தாமல் ஸ்லைடை இழுக்கவே முடியாது. கை நுனியால் பிடித்து இழுக்கும் வழக்கம் உள்ளவருக்கு இது எரிச்சல் தரும்.

டிரிக்கர்

விளம்பரத்தில் வரும் எடை எண் ஒன்றுக்கும் உதவாது. டிரிக்கரில் ஐந்து கட்டங்கள் உண்டு: தளர்வான முதல் பயணம், தடை தட்டும் இடம், விடுபடும் கணம், விடுபட்ட பின் மிஞ்சும் பயணம், மீண்டும் பிடிக்கும் இடம். 2.5 கிலோ எடையுள்ள, தடை தெளிவாகத் தெரிந்து சட்டென்று விடுபடும் டிரிக்கர், 2 கிலோவில் ரப்பர்போல நீளும் டிரிக்கரைவிட எவ்வளவோ மேல். அளவியால் அளப்பதென்றால் ஒரே இடத்தில் மாட்டிப் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள். டிரிக்கர் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் மாட்டினால் எடை குறைவாகக் காட்டும், மேலே மாட்டினால் கூடும். இரண்டு கடைகள் சொல்லும் எண்கள் ஒத்துவராததற்கு இதுவே பாதிக் காரணம். பத்து அளவீடுகளுக்குள் கால் கிலோவுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் உள்ளே எங்கோ உரசுகிறது.

ஸ்ட்ரைக்கர் வகைக்குள் என் தரவரிசையைக் கேட்டால், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வால்தர் பிடிபியின் டிரிக்கர் முதலிடம். சிஇஸட் பி-10, விபி9 அடுத்து. எம்&பியின் பழைய டிரிக்கர் தடை எங்கே என்று சொல்லாத மந்தமான ஒன்று, 2017-இல் வந்த 2.0 அதைத் திருத்தியது. கிளாக் பின்வரிசையில்தான், ஆனால் எந்தக் கிளாக்கை எடுத்தாலும் அதே டிரிக்கர். இரண்டு வாங்குபவருக்கு அந்த ஒற்றுமை ஒரு பெரிய குணம்.

சுத்தியல் வகைக்கு வேறு பேச்சு. சிஇஸட் 75 பி-யில் முதல் ரவுண்டுக்கு 4 முதல் 5 கிலோ நீண்ட இழுப்பு, அடுத்த ரவுண்டிலிருந்து அதில் பாதிக்கும் குறைவான குட்டை இழுப்பு. இந்த மாற்றத்தைக் கற்பது தனிப் பயிற்சி. ஸ்ட்ரைக்கர் மட்டுமே சுட்டவருக்கு இந்த நீண்ட இழுப்பு டிரிக்கர் விரலைச் செப்பனிடும் நல்ல ஆசிரியர். முழுமையாக வேறுபட வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு என் முதல் பரிந்துரை இது.

ஒன்றை மறக்க வேண்டாம். டிரிக்கரை இலேசாக்க வெளியார் விற்கும் ஸ்பிரிங் தொகுதிகளில் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் பலவீனமாக்குவார்கள். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் கடினமாக வந்தால் அது லேசாகக் குழி விழுந்து வெடிக்காமல் நிற்கும். டிரிக்கருக்காக நம்பகத்தை அடகுவைக்கும் வேலை இது. இலேசான டிரிக்கர்தான் வேண்டுமென்றால் அப்படி வடிவமைத்த பிஸ்டலையே வாங்குங்கள்.

எடையும் பின்னுதைப்பும்

8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டரில் கிளம்பினால் அதன் உந்தம் 2.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் ஏறக்குறைய 3. தோட்டா நிரப்பிய கிளாக் 19 சுமார் 850 கிராம். அது நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், ஆற்றல் சுமார் 5.3 ஜூல். 1,200 கிராம் எடையுள்ள எஃகுப் பிஸ்டலில் வேகம் 2.5 மீட்டர், ஆற்றல் 3.75 ஜூல். ஏறத்தாழ 30 சதவீதக் குறைவு. 200 ரவுண்டு சுட்ட பிறகு மணிக்கட்டு இதைச் சொல்லும். உறையில் நாள் முழுதும் சுமந்த பிறகு இடுப்பு எதிர்வாதம் செய்யும். எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்று முடிவுசெய்யாமல் எடையை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

காலிபர் மாற்றலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: வேண்டாம். .40 எஸ்&டபிள்யூ-வின் அழுத்த வரம்பு 9 மி.மீ.-க்குச் சமமாகச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஆனால் வழக்கமான குண்டு 180 கிரெயின், அதாவது 11.7 கிராம். கையும் கூடுதலாக வாங்கும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் தளரும். .45 ஏசிபி-யின் அழுத்தம் 21,000 மட்டுமே, குண்டு 230 கிரெயின். பின்னுதைப்பு தள்ளுவதுபோல மெதுவாக வரும், ஆனால் தோட்டாச் செலவு கூடும். பயிற்சிக்குச் செலவழிக்கும் தோட்டாதான் ஒருவரை வளர்க்கிறது. இரண்டு காலிபருக்குத் தனித்தனியாக இருப்பு வைத்தால் இரண்டிலும் குறைவாகச் சுடுவோம்.

மேகசினும் மற்ற மறைமுகச் செலவும்

துப்பாக்கியின் விலையோடு ஐந்து கூடுதல் மேகசின், ஒரு உறை, நல்ல சைட், ஸ்லைடை முன்னே திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் இரண்டு ஆகியவற்றின் விலையைக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். அப்போது மலிவாகத் தெரிந்த ஒன்று மேலே ஏறிவிடும், மேகசின் விலை இரட்டிப்பாக இருந்தால் நிச்சயம் ஏறும். கிளாக் 17-இன் மேகசின் 19-லும் 26-லும் பொருந்தும். பெரியதன் மேகசின் சிறியதில் போகும், மறுதலை போகாது. பி320 குடும்பத்திலும் 9 மி.மீ.-இல் இதே ஏற்பாடு. கிளாக்கில் இடக்கைக்காரர் மேகசின் பொத்தானைப் பக்கம் மாற்றினால் இருபக்கமும் வெட்டுள்ள மேகசின்கள் தேவை. நான்காம் தலைமுறைக்கு முன் வந்த ஒற்றை வெட்டு மேகசின்கள் அப்போது மாட்டாது. பழைய மேகசின்களை நம்பி இரண்டாவது துப்பாக்கி வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்வைக் கருவி) பொருத்தும் எண்ணம் இருந்தால் தொழிற்சாலையிலேயே ஸ்லைடு வெட்டி வரும் மாதிரியை வாங்குங்கள், பின்னால் வெட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இடைத்தகடு வைத்துப் பொருத்தும் முறையில் திருகுகள்தான் பலவீனம். நிறுவனம் சொல்லும் முறுக்கு அளவு பெரும்பாலும் 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கைப்பலத்தால் முறுக்கினால் ஒன்று தளரும், அல்லது தலை முறியும். எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கழற்றக்கூடிய நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போடுங்கள். திருகுத் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தே தளர்வு தெரியும். இன்னொன்று: நீளமான திருகு சில ஸ்லைடுகளில் காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் தண்டின் குழிக்குள் இறங்கி அதை நெருக்கும். டாட் பொருத்திய அன்றிலிருந்து காலிக்கூடுகள் சரியாக வெளியேறவில்லை என்றால் முதலில் அந்தத் திருகைப் பாருங்கள். வலப்பக்கத் திருகுதான் பெரும்பாலும் குற்றவாளி.

பழையது வாங்கும்போது

நடுவிலைப் பணத்தில் முன்னர் உயர்விலையில் விற்ற பிஸ்டல்கள் கிடைக்கும் ஒரே வழி, பயன்படுத்தியதை வாங்குவது. காவல்துறைகள் கழித்துக்கட்டும் துப்பாக்கிகள் வெளியே சுரண்டல் மிக்கவை, உள்ளே அதிகம் சுடாதவை. உறையில் ஏறி இறங்கியே தேய்ந்தவை. ஸ்லைடின் பளபளப்புப் போயிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு.

காலி என்று உறுதிசெய்து ஸ்லைடை மூடுங்கள். வெளியேற்று துளை வழியே தெரியும் குழலின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது அசையக் கூடாது. பிரித்துப் பாருங்கள்: குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் விளிம்பு நசுங்கி உருண்டிருக்கிறதா? குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உட்சுவரில் கருவளையம் தெரிகிறதா? தெரிந்தால் அதில் ஒரு குண்டு சிக்கிய பின் மறு ரவுண்டு சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது. விட்டுவிடுங்கள். எக்ஸ்ட்ராக்டரின் நகம் சில்லு உடைந்திருக்கிறதா, ஸ்ட்ரைக்கர் துளையைச் சுற்றி அரிப்பு உண்டா, ஃபிரேமின் தண்டவாளங்களில் மயிரிழை விரிசல் உண்டா, மேகசின் உதடுகள் பிளந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கர் வகையில் ஸ்லைடைத் தனியே கையில் வைத்து, பாதுகாப்புத் தண்டை அழுத்தாமல் ஸ்ட்ரைக்கரின் காலை முன்னே தள்ளுங்கள். நுனி துளைக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. எட்டிப்பார்த்தால் கீழே விழும்போது வெடிப்பதைத் தடுக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. சுத்தியல் வகையில், காலி துப்பாக்கியின் சுத்தியலை ஏற்றிவைத்து, டிரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் சுத்தியலை முன்னே தள்ளுங்கள். அது விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள்.

பி320 பழையதாகக் கிடைத்தால் ஒரு கூடுதல் விசாரணை தேவை. 2014-இல் வந்த இந்தப் பிஸ்டலை 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று வெளியான சோதனைகளை அடுத்து, இலேசான டிரிக்கரும் மாற்றியமைத்த உட்பாகங்களும் கொண்ட தன்னார்வ மேம்பாட்டை நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் தயாரான ஒன்றில் அந்த மேம்பாடு செய்யப்பட்டதா என்று தொடர் எண்ணை வைத்து உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகும் டிரிக்கரைத் தொடாமலே வெடித்ததாகப் பல வழக்குகள் நீதிமன்றம் போயின, நிறுவனம் அதை மறுத்துவருகிறது. எனக்கு இந்தக் கேள்வி தீரும்வரை, அதை உறையில் சுமப்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிக்கும் முறையிலும் ஒரு பாதுகாப்பு வேறுபாடு உண்டு. கிளாக்கிலும் பி-10-லும் ஸ்லைடைக் கழற்றுமுன் டிரிக்கரை இழுத்தாக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் இழுத்தவர்கள் சுவரையும் சதையையும் துளைத்திருக்கிறார்கள். எம்&பி, பி320, விபி9 ஆகியவற்றை டிரிக்கரைத் தொடாமலே பிரிக்கலாம். இரண்டு வகையையும் வீட்டில் வைத்திருப்பவர் கடுமையான விதியையே இரண்டுக்கும் கைக்கொள்ள வேண்டும்.

உடையும் பாகம் எது என்பதும் வகைக்கு வகை மாறும். சிஇஸட் 75 அதிகம் சுடுபவர்கள் ஸ்லைடு ஸ்டாப் ஒன்றை உதிரியாக வைத்திருப்பார்கள், அதன் ஊசி முறியக்கூடியது. பெரெட்டா 92-இல் குழலை ஸ்லைடோடு பூட்டும் பூட்டுக்கட்டை தேயும். ரீகாயில் ஸ்பிரிங் எல்லாவற்றிலும் தளரும். 3,000 முதல் 5,000 ரவுண்டுக்குள் மாற்றுவது வழக்கம், நிறுவனத்தின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே முடிவு.

சிக்கினால் எங்கே பார்ப்பது

புதிய பிஸ்டல் சிக்கும்போது துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன் மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். பெயிண்ட் பேனாவால் அடித்தட்டில் 1, 2, 3. சிக்கும் ஒவ்வொரு முறையும் மேகசின் எண், தோட்டா வகை, சுட்டவர் மூன்றையும் குறியுங்கள். கோளாறு ஒரே மேகசினைத் தொடர்ந்தால் அதன் உதடோ ஸ்பிரிங்கோ காரணம். எல்லா மேகசினிலும் ஒரே தோட்டாவோடு வந்தால் தோட்டா. ஒருவர் சுடும்போது மட்டும் வந்தால் பிடி. மூன்றும் இல்லாவிட்டால்தான் துப்பாக்கி.

காலிக்கூடு ஸ்லைடில் புகைபோக்கிபோல நிமிர்ந்து மாட்டினால், மணிக்கட்டுத் தளர்வும் பலவீனமான தோட்டாவும் முதல் சந்தேகம். ஃபிரேம் பின்னால் நகர்ந்தால் ஸ்லைடு தன் முழு ஓட்டத்தை முடிக்காது. புதிய ஸ்பிரிங்கின் விறைப்பும் 115 கிரெயின் மென்மையான பயிற்சித் தோட்டாவும் சேரும்போது இது அதிகம். 124-ஐப் போட்டுப் பார்த்தால் பல நேரம் மறைந்துவிடும்.

ஸ்லைடு முழுவதும் மூடாமல் ஓரிரு மில்லிமீட்டர் திறந்து நின்றால் அழுக்கான சேம்பர், தளர்ந்த ஸ்பிரிங், அல்லது நீளம் மிஞ்சிய தோட்டா. குழலைத் தனியே கழற்றி, சேம்பர் மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து, தோட்டாவை உள்ளே நழுவவிடுங்கள். டக்கென்று உட்கார்ந்து விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு 29.69 மி.மீ. ஆனால் சிஇஸட் குழல்களில் உட்சுவரில் சுழலும் வரிப்பள்ளம் சீக்கிரமே தொடங்கிவிடுவதால், வரம்புக்குள் இருக்கும் தோட்டாவின் குண்டுகூட அதில் முட்டும். சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள் கிளாக்குக்கு வைத்த நீளத்தை அப்படியே சிஇஸட்-க்குக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு குண்டு வடிவத்துக்கும் புதிதாக அளக்க வேண்டும்.

பிரைமரில் லேசான குழி விழுந்து வெடிக்காமல் இருந்தால், குழலை இலக்கு நோக்கி வைத்தபடியே 30 நொடி காத்திருந்து பிறகு வெளியேற்றுங்கள். பிறகு ஸ்ட்ரைக்கர் குழாயைப் பாருங்கள். அங்கே எண்ணெய் விடுவது மிகப் பரவலான தவறு. எண்ணெயும் பித்தளைத் துகளும் சேர்ந்து களிம்பாகி ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைக்கும். எண்ணெய் தேவைப்படுவது தண்டவாளங்களுக்கும் குழலின் வெளிப்புறத்துக்கும், அதுவும் ஒவ்வொரு சொட்டு.

சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து "பொத்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலிசெய்து, குழலைக் கழற்றி ஊடே பாருங்கள். மேலே சொன்ன கருவளையம் இந்த இடத்தில் நிறுத்தாததால் வருவது.

எத்தனை ரவுண்டு சுட்டால் நம்பலாம்

200 ரவுண்டு சிக்காமல் ஓடினால் போதும் என்பது வழக்கமான பேச்சு. புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: ஒரு தவறும் இல்லாமல் எண்ணிய எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய தவறு வீதத்தின் மேல்வரம்பு கிடைக்கும். 200 ரவுண்டுக்கு 1.5 சதவீதம், அதாவது 67 ரவுண்டுக்கு ஒரு சிக்கல் இன்னும் சாத்தியம். 500-க்கு 0.6 சதவீதம். 1,000-க்கு 0.3. இலக்குப் பயிற்சிக்கு மட்டும் என்றால் 200 போதும். வேறு எதற்காவது நம்பப் போகிறீர்கள் என்றால் 500-ஐ முடித்துவிட்டு முடிவெடுங்கள். அதில் கடைசி 100 துடைக்காமல், அழுக்கோடு சுட்டதாக இருக்கட்டும்.

அந்த 500-ஐச் சுடும்போது பழைய பிஸ்டலையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே நாளில், ஒரே தோட்டாவில், இரண்டிலும் மாறி மாறி ஐந்து ரவுண்டு சுட்டுத் தாளில் தேதியோடு குறியுங்கள். புதியதில் முதல் ரவுண்டு தொடர்ந்து மேலே போனால் பிடியின் சாய்வு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் டிரிக்கர் எட்டம். பின்தகட்டை ஒரு அளவு மாற்றி இன்னொரு 50 சுட்டுப் பாருங்கள். பின்தகடு மாறியும் இடப்பக்கமே போனால், சைட்டைத் தட்டி நகர்த்துவதற்கு முன் தாங்கல் வைத்து ஒரு குழு சுடுங்கள். அது நடுவில் விழுந்தால் சைட்டைத் தொட வேண்டியதில்லை.